பூனையைத் திட்டிய வழக்கு

“நாற்காலிய வட்டமா போடுறதுக்கா பாப்பா, யுனிவர்சிட்டியில நாலு வருஷம் படிச்ச?”

கேட்டவர் லோரி முனியாண்டி. லோரி ஓட்டுவதை விட்டுப் பல வருடங்கள் ஆகிவிட்டன. லோரி மட்டும் அவர் பெயரை விட்டு இறங்கவில்லை. இப்போது அவர் கோயில் தலைவர். கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில், தோட்டத்தை விட்டு வந்தவர்களுக்கென்று கட்டிய வரிசை வீடுகள் இருக்கின்றன. அங்கேதான் அந்தக் கோயில். கோயிலை ஒட்டி ‘பாலாய் ராயா’ என்கிற பொது மண்டபம்.

அந்த மண்டபத்தில்தான் அன்று காலை நான் பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தேன். சிமெண்டுத் தரையில் அவை கீச்சிட்டன. ஆலைப் பக்கமிருந்து காற்று அடித்ததால் செம்பனை வேகும் வாடை உள்ளே வந்து உட்கார்ந்திருந்தது. தலைவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

“வட்டமா போடத் தெரிஞ்ச ஆளு ஒங்க கமிட்டியில யாரும் இல்ல மாமா. அதனாலதான் ரவாங்லேர்ந்து என்னய கூப்புட்டீங்க” என்றேன்.

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு மெதுவாக, “ஒரு சின்ன விசயம்மா. கெர்லிங்ல ஒரு கல்யாணம். நா இருக்க முடியாது. நீயே பாத்துக்க லா” என்று சொல்லிவிட்டு மோட்டாரை முடுக்கினார். அவருக்காகப் போட்ட நாற்காலி காலியாக நின்றது. அது அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். எங்கள் தொழிலில் வராதவருக்கும் ஓர் இடம் உண்டு.

என்னதான் படிச்சே?

கலும்பாங் பக்கத் தோட்டம் ஒன்றில், உதிரிச் செம்பனைப்பழம் பொறுக்கிய அம்மாவுக்குப் பிறந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளியில் ஐந்தாம் படிவத்தைத் தாண்டிய முதல் ஆள். பட்டமளிப்பு விழாவில் எடுத்த என் படம், எங்கள் வீட்டு டிவிக்கு மேலே, அம்மா அப்பா கல்யாணப் படத்தைவிடப் பெரிதாகத் தொங்குகிறது. தன்னடக்கம் கருதி அதைக் கழற்றச் சொல்லலாம் என்று ஒருமுறை நினைத்தேன். அந்த நினைப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது.

ஆனால் படம் இருந்து என்ன? விருந்துக்குப் போனால் உறவுக்காரர்களின் விசாரணை தொடங்கிவிடும்.

“லாயரா?”

“இல்ல சித்தப்பா.”

“அப்ப டீச்சரா?”

“இல்ல.”

“அப்ப என்னதான் படிச்சே?”

சீராக்கும் நீதி என்று சொன்னால் கையிலிருக்கும் முறுக்கைக் கடிக்க மறந்துவிடுவார்கள். அதனால் இப்படிச் சொல்லிப் பழகிக்கொண்டேன். ஒரு தப்பு நடந்தால் கோர்ட்டில் என்ன கேட்பார்கள்? எந்தச் சட்டம் மீறப்பட்டது, மீறியது யார், என்ன தண்டனை என்று கேட்பார்கள். நாங்கள் கேட்பது வேறு. யாருக்கு வலித்தது? அவருக்கு இப்போது என்ன வேண்டும்? அதைச் செய்து கொடுக்க வேண்டியவர் யார்? இந்தக் கேள்விகளுக்குச் சம்பந்தப்பட்டவர்களே உட்கார்ந்து பதில் தேட வேண்டும். உட்கார வைப்பது என் வேலை.

அம்மாவுக்கு இது புரிந்த அன்று பக்கத்து வீட்டில் போய்ச் சொன்னார்: “எம்மவ பேச வைக்கிற வேல பாக்கிறா. சம்பளமும் குடுக்கிறாங்க.” அம்மா சொன்னதைவிடச் சரியான விளக்கத்தை நான் எந்தப் பாடப்புத்தகத்திலும் பார்க்கவில்லை. இருந்தாலும் தேர்வில் அதை எழுதியிருந்தால் தேறியிருக்க மாட்டேன்.

அணைக்காத மைக்

நடந்தது இதுதான்.

புஷ்பம் அத்தையும் சரோஜா அத்தையும் ஒரே தோட்டத்தில், ஒரே லோரியில் ஏறி வேலைக்குப் போனவர்கள். தோட்டத்தை விட்டு இந்த வீடுகளுக்கு வந்தபோதும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். கோயில் திருவிழா அன்னதானத்துக்கு எப்போதும் தலைமைச் சமையல் புஷ்பம் அத்தை. காய் நறுக்குகிற கூட்டத்தில் ஒருவர் சரோஜா அத்தை.

இந்த வருடம் ஆடித் திருவிழா. புஷ்பம் அத்தை விடியற்காலையில் குளித்து, சொந்த அரிவாள்மனையையும் தூக்கிக்கொண்டு, சமீபத்தில் ஆபரேஷன் ஆன முட்டியோடு சாய்ந்து சாய்ந்து வந்து சேர்ந்தார். அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்தது. பெரிய அகப்பை சரோஜா அத்தை கையில் இருந்தது. காய் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தரிக்காயைக் குனிந்து பார்த்தார்கள்.

புஷ்பம் அத்தை அரிவாள்மனையைக் கீழே வைத்துவிட்டு, கொட்டகையின் ஓரத்திலிருந்த மேசைப் பக்கம் போய் நின்றார். அந்த மேசையில்தான் மைக். கொஞ்ச நேரத்துக்கு முன்பு தலைவர் அதில், வழியை அடைத்து நிற்கும் காரை எடுக்கச் சொல்லி அறிவித்திருந்தார். அறிவித்தவர் மைக்கை அணைக்காமல் மோர் குடிக்கப் போய்விட்டார்.

மேசைக்கடியில் கோயில் பூனை. செம்பட்டை நிறம், ஒரு காது மடங்கியது. நெய் டப்பா மூடியை நக்கிக்கொண்டிருந்தது.

புஷ்பம் அத்தை அதைப் பார்த்துச் சொன்னார்: “ஏ பூன! வெக்கமா இல்ல ஒனக்கு? ஆளில்லாத நேரம் பாத்து அடுத்தவ அடுப்புல வந்து ஒக்காந்துகிட்ட. நெய்யயும் நக்கிட்ட, பேரயும் நக்கிட்ட. திருட்டுப் பூன!”

கம்பங்களில் கட்டியிருந்த ஒலிபெருக்கிகள் இதை ஒரு சொல் விடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தன. காலைப் பலகாரத்துக்கு வரிசையில் நின்றவர்களின் தட்டுகள் அந்தரத்தில் நின்றன. முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது. எல்லாத் தலைகளும் அடுப்பின் பக்கம் திரும்பின.

சரோஜா அத்தை அகப்பையைச் சாம்பார்ச் சட்டியின் மேல் குறுக்காக வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். வீட்டுக்கு நடந்தார். அன்றைக்குச் சர்க்கரைப் பொங்கலுக்கு நெய் போதாமல் போனது வேறு சேர்ந்துகொண்டது. நெய்யைச் சரோஜாதான் எடுத்தார் என்று மாலைக்குள் கதை முழுசாக வெந்து இறங்கிவிட்டது.

போலீஸ்காரர் பேனாவை மூடினார்

சரோஜா அத்தை போலீஸ் ரிப்போர்ட் கொடுக்கப் போனார். கூடப் போனவர் மகள் துளசி. ரவாங்கில் அலுவலக வேலை, நறுக்கென்று பேசும் பெண். நடந்ததை எனக்குச் சொன்னவரும் அவர்தான்.

“போலீஸ் கேக்கிறாரு, ஒங்க அம்மா பேர சொல்லித் திட்டுனாங்களான்னு. இல்லன்னேன். அப்ப யார திட்டுனாங்கன்னாரு. கூச்சிங்னேன். பூனய திட்டுனதுக்கா ரிப்போர்ட்டுன்னு பேனாவ மூடிட்டாரு. நா எப்படி அவருக்கு வெளக்கிறது, நீங்களே சொல்லுங்க!”

அந்த இளம் போலீஸ்காரரைக் குறை சொல்ல மாட்டேன். பூனையைத் திட்டினால் மனிதருக்கு எப்படி வலிக்கும் என்று சட்டத்தில் எந்தப் பிரிவும் சொல்வதில்லை. உட்கார்ந்து பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

யாரும் உட்காரவில்லை, பேசவுமில்லை. சரோஜா அத்தை கோயிலுக்கு வருவதை நிறுத்தினார். வாசல் கதவு பகலிலும் சாத்தியிருந்தது. துளசி அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து அடுக்கினார். மாதக் கடைசியில் அம்மாவை ரவாங் அடுக்குமாடிக்கே அழைத்துப் போவதாக ஏற்பாடு.

தலைவர் என்னைக் கூப்பிட்டது அந்தப் பெட்டிகளைப் பார்த்துதான் என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது, அடுத்த பூசைக்கு வெளியிலிருந்து வரவழைத்த சாம்பாரைச் சாப்பிட்டுப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்.

கோழிக்குச் சொன்னது

இங்கே கொஞ்சம் கதையை விட்டு இறங்கி நடக்கிறேன். ஜாடை பேசுவதைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரியும். ஒரே கூரை, நீளமாக வீடுகள், நடுவில் ஒரு பலகைச் சுவர். பக்கத்து வீட்டுக்காரியோடு நேருக்கு நேர் சண்டை போட்டால் மறுநாள் காலை அதே வரிசையில், அதே குழாயடியில், அவள் பின்னால் வாளியோடு நிற்க வேண்டும். அதனால் யாரும் நேராகத் திட்டுவதில்லை. கோழியைத் திட்டுவார்கள். துடைப்பத்தைத் திட்டுவார்கள். மழையைத் திட்டிக்கூடக் கேட்டிருக்கிறேன். கேட்க வேண்டியவருக்கு அது போய்ச் சேரும். சண்டை என்று யாரும் சொல்ல முடியாது. “நா ஒன்னயவா சொன்னேன், கோழியதானே சொன்னேன்” என்று எப்போதும் ஒரு பின்கதவு திறந்திருக்கும்.

என் அம்மா இதில் கெட்டிக்காரர். கொடியில் காயும் துணிகளோடு பேசியே மாமியார் வீட்டாரை வருடக்கணக்கில் சமாளித்தவர்.

பல்கலைக்கழகத்தில் எனக்குச் சொல்லிக் கொடுத்தது நேர் எதிரானது. எதிரில் இருப்பவரைப் பார்த்து, பெயர் சொல்லி, ‘நீங்கள் இப்படிச் செய்தபோது எனக்கு இப்படி இருந்தது’ என்று பேச வேண்டும். விடுமுறையில் இதை வீட்டில் சோதித்துப் பார்த்தேன்.

“அம்மா, நீங்க சத்தம் போடும்போது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு.”

அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். “காய்ச்சலா?” என்றார்.

அன்றே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. படித்தவள் அல்லவா?

மூன்றாவது விதி

பாலாய் ராயாவுக்குத் திரும்புவோம்.

முதலில் வந்தவர் புஷ்பம் அத்தை. துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று சொல்லியிருந்தேன். “தொணைக்கு ஆளா? நானே நாலு ஆளுக்குச் சமம்” என்று தனியாக வந்தார். முட்டியை நீட்டி வைத்துக்கொள்ள இன்னொரு நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். என் வட்டம் அங்கேயே கோணிவிட்டது.

சரோஜா அத்தை துளசியோடு வந்தார். மெலிந்த உடம்பு, வெளுத்த சேலை. வாசலுக்கு அருகில் இருந்த நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். எழுந்து போக வசதி.

ஒரு பெரிய தாளில் விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. மூன்றாவதாகத் தடித்த எழுத்தில்: ஜாடை வேண்டாம், நேராகப் பேசுவோம். கதையை வெளியே சொல்லிக்கொள்ள அப்புறம் எல்லாரும் எனக்கு அனுமதி கொடுத்தார்கள். புஷ்பம் அத்தை மட்டும், “நல்லா எழுது, என்னய ரொம்ப குண்டா காட்டாத” என்றார்.

“திருவிழா அன்னிக்கு என்ன நடந்துச்சின்னு நீங்க சொல்லுங்க அத்த” என்று தொடங்கினேன்.

“பூன நெய்ய நக்குச்சி. திட்டுனேன்” என்றார் புஷ்பம் அத்தை.

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடியும் பூனதான்.”

“சரோஜா அத்தையைப் பாத்துச் சொல்லுங்க.”

“நா எதுக்குச் சொல்லணும்? நா பேர சொன்னனா? மைக்குல யாராச்சும் பேர கேட்டாங்களா? பூனகிட்ட மன்னிப்பு கேக்கணும்னா சொல்லு, கேட்டுட்டுப் போறேன்.”

துளசி உச்சுக்கொட்டினார். சரோஜா அத்தை தரையைப் பார்த்தார். நான் மூன்றாவது விதியைச் சுட்டிக்காட்டினேன். சுட்டிக்காட்டக் காட்ட இருவரும் இன்னும் இறுகிப் போனார்கள். 

சரோஜா அத்தையிடம், “ஒங்களுக்கு என்ன வேணும்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் வேணாம்மா. நா போறேன்.”

அவர் எழுந்துவிட்டார். துளசி கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். என் நாலு வருடப் படிப்பு செருப்பைத் தேடிக்கொண்டு வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

தலைவர் நாற்காலியில் வந்தமர்ந்தது

அப்போதுதான் அது உள்ளே வந்தது. மடங்கிய காது, செம்பட்டை உடம்பு. சரோஜா அத்தையின் காலில் ஒருமுறை உரசியது. பிறகு யாரும் அழைக்காமலே தலைவருக்காகப் போட்ட நாற்காலியில் தாவி ஏறி, வாலைச் சுற்றி வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

துளசி அதை விரட்டக் கையை ஓங்கினார். நான் ஏன் அவரைத் தடுத்தேன் என்று யோசித்துச் சொல்ல முடியாது. அம்மாவின் துணிக்கொடி ஞாபகம் வந்திருக்கலாம். எழுந்து போய், சுவரில் ஒட்டிய தாளில் மூன்றாவது விதியை மட்டும் கிழித்துக் கசக்கினேன்.

“யாரும் யாருகிட்டயும் பேச வேணாம். அதுகிட்ட சொல்லுங்க” என்றேன்.

புஷ்பம் அத்தை என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு பூனையைப் பார்த்தார். தோள்கள் இறங்கின. பழகிய வேலை கைக்கு வந்த மாதிரி இருந்தது.

“ஏ பூன” என்றார். குரல் அன்றைக்கு மைக்கில் கேட்டது போல இல்லை. “ஒன்னய வெரட்டணும்னாகூட ஒரு கல்லாச்சும் எறிவாங்க. என்னய ஒருத்தனும் வெரட்டல. காலையில எழுந்திரிச்சி, குளிச்சி, நொண்டி நொண்டி வந்து நின்னப்புறம்தான் தெரியுது, எனக்கு அங்க வேல இல்லன்னு. முட்டிதானே போச்சி? கையி இருக்குதுல்ல?”

சரோஜா அத்தை நின்ற இடத்திலேயே நின்றார். அவரும் பூனையைத்தான் பார்த்தார்.

“பூன, நீ நல்லாருக்க. ஒன்னய ஒருநாளுதான் திட்டுனாங்க, நீ மறந்துட்ட. நா கடைக்குப் போனா பின்னால நின்னு மியாவ்ங்கிறாங்க. அரிசி வாங்கப் போனேன், மியாவ். பஸ்ஸுக்கு நின்னேன், மியாவ். சின்னப் புள்ளைங்க இல்ல, மீச வச்ச ஆம்பளைங்க.”



புஷ்பம் அத்தை நீட்டியிருந்த காலை மெல்லக் கீழே இறக்கினார். “யாரு?” என்றார் பூனையிடம். “யாரு அந்த மீசக்காரனுங்க?”

அது அவருக்குத் தெரியாது. எங்கள் பாடத்தில் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். தப்பு செய்தவர் பலருக்குத் தன் தப்பு எவ்வளவு தூரம் போனது என்றே தெரியாது. தெரிந்துகொள்ள விடாமல் அவரைத் தண்டித்து அனுப்பிவிடுகிறோம் என்று. படித்தபோது அடிக்கோடு போட்டேன். அன்று புஷ்பம் அத்தையின் முகத்தில் அதைப் பார்த்தேன்.

சரோஜா அத்தை மறுபடி உட்கார்ந்தார். “பூன, நா ஒண்ணும் ஆளில்லாத நேரம் பாத்து ஒக்காரல. தலைவரு வீட்டுக்கு வந்தாரு. புஷ்பத்துக்கு முட்டி முடியல, அதுவே ஒன்னயதான் சமையலுக்குப் போடச் சொன்னிச்சின்னாரு. அதுவே சொன்னா நம்ம செய்யணும்தானேன்னு வந்தேன்.”

“நா சொன்னனா?” புஷ்பம் அத்தையின் குரல் உச்சத்துக்குப் போனது. “எங்கிட்ட யாரு கேட்டா? முட்டி ஆபரேசன் முடிஞ்சி அந்த மனுசன் என் வீட்டுப் பக்கமே வரல!”

இருவரும் ஒரே நேரத்தில் தலைவருடைய நாற்காலியைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையைப் பூனையால் தாங்க முடியவில்லை. குதித்து, வெளியே ஓடிவிட்டது.

பேரைச் சொல்லு

நாற்காலி காலி. இனி யாரிடம் சொல்வது?  இந்த இடத்தில் நடத்துபவர் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு அதுதான் உலகத்திலேயே கடினமான வேலை.

சரோஜா அத்தை திரும்பினார். முதல் முறையாகப் புஷ்பம் அத்தையின் முகத்தைப் பார்த்தார்.

“அன்னிக்கு என் பேர சொல்லல இல்ல நீ?”

“சொல்லல.”

“அதே மைக்குல இப்ப சொல்லு. பூன வேணாம். என் பேர சொல்லு.”

“மைக்குலயாடி? எல்லாரும் இருக்கையிலயா?”

“எல்லாரும் இருக்கையிலதான் கேட்டாங்க.”

புஷ்பம் அத்தை முட்டியைத் தேய்த்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். சுவரில் கிழிந்து தொங்கிய என் தாளைப் பார்த்தார். இந்த வீடுகளில் அவர் யாருக்கும் தாழ்ந்து போனதாகச் சரித்திரம் இல்லை. மைக்கில் ஒருமுறை தாழ்ந்தால் பிறகு நிமிர முடியுமா என்று அவர் கணக்குப் போட்டது எனக்குக் கேட்காமலே கேட்டது.

“பெட்டியெல்லாம் கட்டியாச்சா?” என்று துளசியிடம் கேட்டார்.

“பாதி கட்டியாச்சி.”

“மீதிய கட்டாத. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறு.”

வெள்ளிக்கிழமை மாலை

அந்த வெள்ளிக்கிழமை பூசைக்கு ரவாங்கிலிருந்து சீக்கிரமே கிளம்பினேன். பூனை வழக்குக்குத் தீர்ப்பு என்று செய்தி எப்படியோ பரவியிருந்தது. வழக்கமாக வெளியே சாலையில் நின்று சிகரெட் பிடிப்பவர்கள்கூட உள்ளே வந்திருந்தார்கள். சரோஜா அத்தை பெண்கள் பக்கத்தில், ஒரு தூணை ஒட்டி நின்றார். எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம் என்பது போல முந்தானையை இழுத்துச் சொருகியிருந்தார்.

தீபாராதனை முடிந்தது. புஷ்பம் அத்தை மைக்கை வாங்கினார். இரண்டு முறை தட்டிப் பார்த்தார். தொண்டையைச் செருமியது செம்பனைக் காடு வரைக்கும் கேட்டிருக்கும்.

“நா புஷ்பம் பேசுறேன். அன்னிக்கு நா பூனய சொல்லல. சரோஜாவத்தான் சொன்னேன். சரோஜா நெய்ய எடுக்கல. நெய்யு பத்தாம போனது, கமிட்டி கம்மியா வாங்குனதால. சரோஜா யாரு எடத்தயும் புடிக்கல. கூப்புட்டாங்க, வந்திச்சி. நா கோவத்துல திருடின்னுட்டேன். அது தப்பு. சரோஜா, தப்பு.”

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். புஷ்பம் அத்தைக்கு நிறுத்திப் பழக்கம் இல்லை.

“அன்னிக்கு சரோஜா வச்ச சாம்பாரு நல்லாருந்திச்சி. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல். இன்னோரு விசயம். சரோஜாவ பாத்து மியாவ்ங்கிற மீசக்காரங்க, இனிமே என் வீட்டு வாசல்ல வந்து கத்துங்க. நா பாலு ஊத்துறேன். அடுப்புலேர்ந்து எறக்குன ஒடனே ஊத்துறேன்.”

ஆண்கள் பக்கத்தில் சிலர் திடீரென்று தங்கள் கைபேசிகளை ஆராய்ந்தார்கள்.

“உப்பு சரியாத்தான் இருந்திச்சி!” என்று தூணின் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. கோயில் சிரித்து ஓய வெகுநேரமானது. சிரிப்பின் நடுவில் சரோஜா அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்று துளசியிடம் சொன்னார். துளசி நம்பியது போல் தலையாட்டினார்.

அட்டைப் பெட்டிகளில் ஒன்றில் மட்டும் கொஞ்சம் துணிமணி ரவாங்குக்குப் போனது, பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும்போது உடுத்த. மற்றவை திறந்து மடிக்கப்பட்டன.

மிச்சமிருந்தவர்

தலைவர் அன்று பளபளவென்று ஜிப்பா போட்டு வந்திருந்தார். “நல்லபடியா முடிஞ்சிச்சி பாப்பா. வா, எல்லாரும் சேந்து ஒரு போட்டோ எடுப்போம்” என்றார்.

“இன்னும் முடியல மாமா.”

“அதான் மன்னிப்பு கேட்டாச்சே?”

“புஷ்பம் அத்தை சரோஜா அத்தைகிட்ட கேட்டாச்சி. அவங்க ரெண்டு பேருகிட்டயும் கேக்க வேண்டியவங்க இன்னும் கேக்கல.”

அவர் போட்டோவுக்காகச் சீவியிருந்த முடியைத் தடவிக்கொண்டு, “பாப்போம், தீவாளி கழிச்சி பேசுவோம் லா” என்று கூட்டத்தில் கலந்தார்.

பூனையைத் திட்டியவர் புஷ்பம் அத்தை. ஆனால் அந்த வலியைச் சமைத்தவர்கள் வேறு. ஒருவருக்கு இனி வேலை இல்லை என்பதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு, இன்னொருவரிடம் பொய் சொல்லி, இருவரையும் ஒரே அடுப்பின் முன் நிறுத்திவிட்டு மோர் குடிக்கப் போனவர்கள். அதைச் சரி செய்யாவிட்டால் அடுத்த ஆடியில் இதே கதை இன்னொரு அகப்பையை வைத்து நடக்கும். அதனால் நான் தீபாவளிக்காகக் காத்திருக்கவில்லை.

நேற்று மாலை நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி பால் சேர்க்காத தே ஓ கலந்து கொடுத்தார். தலைவர் முதலில் செயலாளரைக் குறை சொன்னார். பிறகு பொருளாளரைச் சொன்னார்.  தேநீர் ஆறிப்போனது.

“பயமா இருந்திச்சிம்மா” என்றார் கடைசியில். “எத்தன வருசமா சமைக்கிது அது! இனிமே ஒன்னால முடியாதுன்னு அது மொகத்த பாத்து எப்படிச் சொல்றது? வீட்டு வாசல் வரைக்கும் போனேன். மோட்டார திருப்பிகிட்டு வந்துட்டேன்.”

“இத அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க மாமா. ஞாயித்துக்கெழம.”

அவர் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். தலைவர் அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார்.

“வர்றேன்” என்றார்.

மனம் மாற நேரம் கொடுக்கக் கூடாது. அவர் வீட்டு வெளிக்கதவிலேயே நின்று கோயில் வாட்ஸ்அப் குழுவில் தட்டினேன்: ‘வரும் ஞாயிறு காலை, பாலாய் ராயா. புஷ்பம் அத்தையும் சரோஜா அத்தையும் கேட்பார்கள். தலைவரும் செயற்குழுவும் பதில் சொல்வார்கள்.’

உள்ளே மேசைமேல் கிடந்த அவருடைய கைபேசி ‘டிங்’ என்றது. அதைக் கேட்ட பிறகுதான் காரை எடுத்தேன்.